கடிகாரக்காரர்கள் வளர்த்த தூண்டில்

அமெரிக்காவில் ஒரு மீன்பிடிக் கடைக்குள் முதல் முறையாக நுழைபவருக்குத் தலை சுற்றிவிடும். ஒரு சுவர் முழுக்கக் கம்புகள். கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை போல ரீல்கள். மிச்சமிருக்கும் சுவர்களில் தவளை, புழு, குஞ்சு மீன், எலி என்று எல்லா வடிவத்திலும் போலி இரைகள். இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஒரு மீனுக்காக! அதன் பெயர் பாஸ்.

ஒரு மீனைப் பிடிக்க இவ்வளவு சாமான்கள் எதற்கு? கம்பு, நரம்பு, முள், மண்புழு போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இருநூறு வருடக் கதை ஒன்று விரிகிறது. அதில் மீனவர்களை விடக் கடிகாரம் செய்பவர்கள்தான் அதிகம். ஒரு தேனீ வளர்ப்பவரும், ஒரு ஜவுளி ஆலை முதலாளியும், வெடிகுண்டு செய்த ஒரு கம்பெனியும் கூட வருகிறார்கள்.

முதலில் மீன்

பாஸ் என்றதும் சென்னை ஹோட்டல் மெனுவில் 'சீ பாஸ்' என்று வரும் கொடுவாவை நினைக்க வேண்டாம். அது வேறு குடும்பம். இது வட அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் நன்னீர் மீன். பெரிய வாய் பாஸ், சிறிய வாய் பாஸ் என்ற இரண்டும்தான் முக்கியமானவை. 1802ல் பிரெஞ்சு விஞ்ஞானி லாசெபேத் இவற்றுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தார்.

விரால் பிடித்துப் பழகியவர்களுக்குப் பெரிய வாய் பாஸின் குணம் சட்டென்று புரியும். துரத்தித் துரத்தி வேட்டையாடும் மீன் இல்லை இது. பாசிக்குள்ளும், விழுந்த மரத்தின் அடியிலும், பாறை நிழலிலும் அசையாமல் காத்திருக்கும். தவளையோ குஞ்சு மீனோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும்.

மொத்தக் கதையும் இந்தக் குணத்திலிருந்துதான் தொடங்குகிறது. மீன் தேடி வராது என்றால் இரைதான் அதைத் தேடிப் போக வேண்டும். இருபது முப்பது மீட்டர் தள்ளி, ஒரு மரக்கிளைக்கும் பாசிக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில், சத்தமில்லாமல் இரை விழ வேண்டும். கையில் ஒரு கம்பும் நுனியில் கட்டிய நரம்பும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. நரம்பைச் சேமித்து வைக்க வேண்டும், வீசும்போது தடையில்லாமல் விட வேண்டும், பிறகு வேகமாகச் சுற்றி எடுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் கருவிதான் ரீல்.

கென்டக்கியின் கடிகாரக்காரர்

பல்சக்கரம் வைத்த ரீல் லண்டனில் 18ஆம் நூற்றாண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே அது பெரிதாக நிலைக்கவில்லை. அதற்கு உயிர் கிடைத்த இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். அங்கே பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்றொருவர் இருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பதும் வெள்ளி வேலையும் அவர் தொழில், பாஸ் பிடிப்பது பொழுதுபோக்கு. 1810க்கும் 1820க்கும் இடைப்பட்ட காலத்தில் தனக்காக ஒரு ரீலைச் செய்துகொண்டார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். கடிகாரத்துக்குள் இருப்பதும் இதே கணக்குதானே! ஒரு பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்ற, சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றும். ஆனால் உராய்வே இல்லாதது போல வழுக்கிச் சுற்றும் பற்களை அரைக்க அன்றைக்குக் கடிகாரக்காரர்களிடம் மட்டும்தான் கருவிகள் இருந்தன. ஸ்னைடருக்குப் பின் அதே மாநிலத்தில் மீக் சகோதரர்களும் அவர்களிடம் தொழில் பழகிய மைலமும் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். மூத்த மீக்கும் கடிகாரக்காரர்தான். ஒவ்வொரு ரீலும் கையால் செய்தது, விலையும் அதிகம். 'கென்டக்கி ரீல்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

அந்த ரீலில் பிரேக் கிடையாது. கட்டைவிரல்தான் பிரேக்! வீசிய இரை தண்ணீரில் விழும் நொடியில் உருளையை விரலால் அழுத்தி நிறுத்தாவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே நரம்பு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கை எடுப்பதற்குள் மீன் அடுத்த ஊருக்குப் போய்விடும். இதை அடக்குவதற்குத்தான் அடுத்த நூறு வருடம் பலரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1890களின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்து கலமசூ நகரில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர் (நாடகம் எழுதியவர் இல்லை!) நரம்பை உருளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சீராகப் பரப்பும் ஒரு அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அந்த வேலையையும் விரல்தான் செய்துகொண்டிருந்தது.

கல்கத்தாவிலிருந்து ஒரு மூங்கில்

கம்பின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்யும் சாமுவேல் பிலிப்பி, மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை இழைத்து ஒட்டிக் கம்பு செய்தார். பிறகு மெய்ன் மாநிலத்தில் ஹைரம் லெனார்ட் ஆறு பட்டை ஒட்டிய கம்பைத் தொழிற்சாலைப் பொருளாகவே ஆக்கினார். அந்த மூங்கிலுக்குச் சந்தையில் வழங்கிய பெயர் 'கல்கத்தா கேன்'. வங்காளத் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறிப் போன மூங்கில்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை சீனாவின் டோங்கின் மூங்கில் பிடித்துக்கொண்டது.

அந்த ஆட்டத்தை முடித்து வைத்தது அரசியல். கொரியப் போரின்போது 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குத் தடை போட்டது. மூங்கில் வரத்து நின்றது. அதற்கு முன்பே, 1940களின் பிற்பகுதியில், கண்ணாடி இழைக் கம்பு வந்திருந்தது. மலிவு, மழையில் கெடாது, எளிதில் முறியாது. மூங்கில் கம்பெனிகள் பல காணாமல் போயின. 1973ல் பென்விக் கம்பெனி கிராஃபைட் என்னும் கார்பன் இழைக் கம்பைக் கொண்டுவந்தது. எடை குறைந்தது. அதைவிட முக்கியம், நரம்பின் மறுமுனையில் இரை ஒரு கூழாங்கல்லைத் தொட்டாலும் கைக்குத் தெரிந்தது.

இங்கேதான் இன்றைய வாங்குபவருக்கு முதல் தேர்வு வருகிறது. கம்பில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று பலம், அதாவது கம்பை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. இன்னொன்று வளைவு, அதாவது நுனி மட்டும் வளைகிறதா அல்லது நடுவரை வளைகிறதா என்பது. பாசிக்குள் புழு இரையைப் போடுபவருக்கு நுனி மட்டும் வளையும் பலமான கம்பு வேண்டும். ஒற்றைப் பெரிய முள் மீனின் தாடையில் ஏறச் சுண்டி இழுக்க வேண்டும், உடனே பாசியிலிருந்து வெளியே கொண்டுவரவும் வேண்டும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன நீந்தும் இரைக்கு இதற்கு நேர் எதிர். அதில் சின்னச் சின்ன மும்முனை முட்கள் இருக்கும். விறைப்பான கம்பால் வெடுக்கென்று இழுத்தால் அவை வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். ஆகவே நடுவரை வளைந்து கொடுக்கும் மெதுவான கம்பு நல்லது. கிராஃபைட் வந்து ஐம்பது வருடம் ஆன பிறகும் கண்ணாடி இழைக் கம்புகள் விற்பனையாவதற்கு இதுதான் காரணம்.

மரத்துண்டும் சாக்லேட் தாளும்

போலி இரைகளின் வரலாறு பாதி உண்மை, பாதி பாட்டி கதை. வெர்மான்ட் மாநிலத்து ஜூலியோ புயல் ஏரியில் படகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டியைத் தவறவிட்டாராம், மின்னிக்கொண்டே மூழ்கிய அதை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை எப்படியோ, 1852ல் கரண்டி வடிவ இரைக்கு அவர் காப்புரிமை பெற்றது நிஜம். இன்றும் அந்த இரைக்கு 'ஸ்பூன்' என்றுதான் பெயர்.

மிச்சிகனின் டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர், தேன் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வைத்திருந்தவர். ஆலைக் குளக்கரையில் நண்பருக்காகக் காத்திருந்தபோது கையிலிருந்த மரத்துண்டைச் செதுக்கித் தண்ணீரில் எறிந்தார், ஒரு பாஸ் அதை அடித்து மேலே தூக்கியது என்பது அந்த ஊர்க் கதை. மரத்தவளை செதுக்கத் தொடங்கியவர் கடைசியில் ஒரு பெரிய கம்பெனியையே உருவாக்கிவிட்டார்.

பின்லாந்தில் லௌரி ராப்பாலா ஏழை மீனவர். கூட்டமாகப் போகும் குஞ்சு மீன்களில் நொண்டி நீந்துவதைத்தான் பெரிய மீன் குறி வைக்கிறது என்பதைக் கவனித்தார். 1936ல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, போட்டோ நெகடிவை உருக்கி மேலே பூசினார். அமெரிக்காவில் அது புகழ் பெற்றது 1962ல். 'லைப்' பத்திரிகை அந்த இரையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதே இதழின் அட்டையில் மர்லின் மன்றோ! அந்த நடிகையின் மரணத்தை ஒட்டி வந்த இதழ் என்பதால் விற்றுத் தீர்ந்தது. இரைக்கும் ஆர்டர்கள் குவிந்தன. காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம்.

ஆனால் பாஸ் பிடிப்பதையே மாற்றியது அழகில்லாத ஒரு பொருள். ஒஹாயோவின் அக்ரான் நகரில் நிக் கிரீம் 1949ல் வினைல் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி மண்புழு செய்தார். மெத்தென்று இருக்கும், உயிருள்ளது போல நெளியும். டெக்சாஸ் மீன்பிடிப்பவர்கள் முள்ளின் முனையை அந்தப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் குத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பாசியில் சிக்காமல் உள்ளே நுழைந்து வந்தது இரை. அதுவரை எட்டாத இடத்தில் ஒளிந்திருந்த மீனுக்கு இனி ஒளிய இடமில்லை.

மறுபடியும் கடிகாரக்காரர்கள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஜவுளி ஆலை முதலாளியான ஆல்பிரட் இல்லிங்வொர்த், நூல் கண்டு சுற்றாமலே அதன் நுனி வழியாக நூல் வழுக்கிப் போவதைத் தினமும் பார்த்தவர். 1905ல் அதே முறையில் ஒரு ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். உருளை சுற்றுவதே இல்லை, நரம்பு மட்டும் வழுக்கிப் போகும். உருளை சுற்றவில்லை என்றால் குருவிக்கூட்டுச் சிக்கலும் இல்லை! இதுவே 'ஸ்பின்னிங்' ரீல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இதைப் பரப்பியதில் பிரான்சின் 'மிட்செல்' ரீலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் செய்த கார்பானோ - போன்ஸ் கம்பெனி இருந்த இடம் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள குளூஸ். அது கடிகார உதிரி பாகங்களுக்குப் பேர் போன ஊர்.

சுவீடனில் 'அபு' என்ற கம்பெனியின் பெயருக்குள்ளேயே 'கடிகாரத் தொழிற்சாலை' என்ற சொல் இருக்கிறது. பாக்கெட் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துகொண்டிருந்தவர்கள். போரினால் மீட்டர் ஏற்றுமதி நின்றதும் சும்மா கிடந்த இயந்திரங்களில் ரீல் செய்யத் தொடங்கினார்கள். 1950களின் தொடக்கத்தில் வந்த அவர்களது சிவப்பு நிற 'அம்பாசடர் 5000' சுழற்சி வேகத்தைத் தானாகவே மட்டுப்படுத்தும் பிரேக்கோடு வந்தது. கட்டைவிரலின் சுமை பாதி குறைந்தது.

மூன்றாவது கதை இன்னும் வேடிக்கை. ஒக்லஹோமாவின் டல்சாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குள் வெடிக்க வைக்கும் நேரக் குண்டுகள் செய்த கம்பெனி ஒன்று, தன் காப்புரிமைக் காலம் முடியப் போவதால் வேறு சரக்கு தேடிக்கொண்டிருந்தது. 1947ல் டெக்சாஸ் மாநிலத்துக் கடிகாரக்காரர் ஆர்.டி. ஹல் அவர்களைத் தேடிப் போனார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர் அசையாத கண்டிலிருந்து நூலை இழுப்பதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. மூடிய கூட்டுக்குள் உருளை, பின்னால் ஒரு பொத்தான். அமுக்கி விட்டால் இரை பறக்கும். குழந்தை கூட வீசலாம். கம்பெனியின் பெயர் 'ஜீரோ அவர் பாம் கம்பெனி'. குண்டு என்ற பெயரோடு தூண்டில் விற்க முடியுமா? 1956ல் அதையே சுருக்கி 'செப்கோ' ஆக்கினார்கள்.

ஆக ரீலில் இன்றைக்கு இருக்கும் மூன்று வகையும் மூன்று வெவ்வேறு பிரச்சினைகளுக்கான பதில்கள். கனமான இரை, தடித்த நரம்பு, குறி தவறாத வீச்சு வேண்டுமானால் கென்டக்கி வழியில் வந்த சுழலும் உருளை. லேசான இரைக்கு ஸ்பின்னிங். புதிதாகப் பழகுபவருக்குப் பொத்தான் ரீல்.

பல்சக்கர விகிதமும் முக்கியம். உருளையில் நரம்பின் விட்டம் 3 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 9.4 செ.மீ. வரும். 4:1 விகிதத்தில் கைப்பிடியின் ஒரு சுற்று கிட்டத்தட்ட 38 செ.மீ. நரம்பை இழுக்கும். 7:1 என்றால் 66 செ.மீ. தண்ணீரை எதிர்த்து ஆழத்தில் நீந்தும் இரைக்குக் குறைந்த விகிதம் போதும், கை வலிக்காது. புழு இரையில் மீன் கடித்தவுடன் தொய்வை எடுக்க அதிக விகிதம் வேண்டும்.

மீன் சந்தைப் பொருளான கதை

1933ல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் பிற அமைப்புகளும் தெற்கு மாநிலங்களில் அணைகளாகக் கட்டித் தள்ளின. மூழ்கிய காடுகள் பாஸுக்குச் சொர்க்கமாயின. 1950ல் டிங்கல்-ஜான்சன் சட்டம் வந்தது. கம்பு, ரீல், இரை ஆகியவற்றின் மீது தயாரிப்பாளரிடம் வசூலிக்கும் 10 சதவீத வரி நேராக மீன்வளப் பாதுகாப்புக்குப் போகும் என்றது அது. வாங்குபவரே தன் ஏரிக்கும் சேர்த்துப் பணம் கட்டும் ஏற்பாடு. பட்ஜெட்டில் வரி எங்கே போகிறது என்று தெரியாமலே கட்டும் உலகத்தில் இது கொஞ்சம் அபூர்வம்தான்.

1967 ஜூனில் அலபாமாவைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் ரே ஸ்காட், ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு போட்டி வைத்தார். நுழைவுக் கட்டணம் 100 டாலர், வந்தவர்கள் 106 பேர். மறு வருடம் பாஸ் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கமே தொடங்கினார். 1971ல் மீட் ஏரியில் நடந்த முதல் சாம்பியன் போட்டிக்கு 10,000 டாலர் பரிசு. மீன் பிடிப்பது ஒரு தொழிலாகவே ஆனது. எந்த இரையில் ஜெயித்தாரோ அந்த இரை மறுநாள் கடையில் தீர்ந்தது. டென்னசியில் பிரெட் யங் என்பவர் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய 'பிக் ஓ' இரை கிடைக்காமல் போட்டியாளர்கள் அதை வாடகைக்கு எடுத்தார்கள்!

ஆனால் கருவி இவ்வளவு கூர்மையானால் ஏரி என்ன ஆகும்? போட்டிகளில் செத்த மீன்களைக் குவித்து எடை போடும் காட்சி பலரை முகம் சுளிக்க வைத்தது. 1972ல் ஸ்காட் பிடித்த மீனை உயிரோடு வைத்து, எடை போட்டு, திரும்ப விடும் விதியைக் கொண்டுவந்தார். படகுகளில் காற்று ஏற்றும் தொட்டிகள் வந்தன.

ஒரே எடை, இரண்டு ஏரிகள்

1932 ஜூன் 2. பொருளாதார வீழ்ச்சிக் காலம். ஜார்ஜியாவில் மழையால் உழ முடியாத ஒரு நாளில், 20 வயது விவசாயி ஜார்ஜ் பெர்ரி நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு போலி இரைதான். பிடித்த மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் 10.09 கிலோ. எடை போட்டுப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு பத்திரிகைப் போட்டியில் 75 டாலர் மதிப்புள்ள பொருட்கள் பரிசாகக் கிடைத்தன. அந்தக் குடும்பத்துக்கு உலக சாதனையை விடப் பெரிதாக இருந்தது இரண்டு வேளைச் சாப்பாடு.

அந்த எடையை மறுபடி தொட 77 வருடம் ஆனது. 2009 ஜூலை 2ல் மனாபு குரிதா பிடித்த பாஸ் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். முந்தைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் அதிகம் வேண்டும் என்பதால் சமநிலை என்று அறிவித்தார்கள். பிடித்த இடம் அமெரிக்கா இல்லை, ஜப்பானின் பிவா ஏரி!

பாஸ் ஜப்பானுக்குத் தானாகப் போகவில்லை. 1925ல் அகபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார். நாளடைவில் நாடெங்கும் பரவி பிவாவிலும் பெருகியது. அந்த ஏரிக்கே உரிய மீன்கள் குறைந்தன. கரையோர வாழிடங்கள் அழிந்ததோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாக ஊறவைத்துச் சாப்பிட்ட 'புனாசூஷி' அரிதாகி விலை ஏறியது. பிவா இருக்கும் ஷிகா மாகாணம் 2003ல் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதையே தடை செய்தது. குரிதா இரையாகப் போட்ட புளூகில் மீனும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1960ல் சிகாகோவில் அன்பளிப்பாகக் கிடைத்ததை இளவரசராக இருந்த அகிஹிதோ கொண்டுவந்தார். பேரரசரான பிறகு 2007ல் அதற்காக வருத்தமும் தெரிவித்தார்.

ஒரே மீன். அலபாமாவில் அதைத் திரும்ப விடுபவர் நல்லவர், ஷிகாவில் திரும்ப விடுபவர் சட்டத்தை மீறியவர். கம்பு, ரீல், இரை மூன்றையும் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்துவிடுவார். பிடித்த மீனை என்ன செய்வது என்பதை அந்தந்த ஏரிதான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1932லிருந்து 2009 வரை கண்ணாடி இழை, கிராஃபைட், நைலான், பிளாஸ்டிக் புழு, தானியங்கி பிரேக் எல்லாம் வந்தன. மீனின் எடை ஓர் அவுன்ஸ் கூடக் கூடவில்லை. கருவிகள் வளர்ந்த வேகத்தில் மீன் வளர்வதில்லை!